சுவர் இல்லாத அறை: திரவத் துளிகளிலிருந்து செயற்கை செல் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கை செல் என்றால் ஆய்வகத்தில் உயிரை உண்டாக்குவதா?

இன்னும் இல்லை. செல் செய்யும் வேலைகள் சில இருக்கின்றன: வேண்டியதை உள்ளே சேர்த்து வைப்பது, வேதிவினைகளை நடத்துவது, வளர்வது, இரண்டாகப் பிரிவது. உயிரில்லாத மூலக்கூறுகளை மட்டும் வைத்து இவற்றில் எவ்வளவு தூரம் செய்து காட்ட முடியும் என்று பார்ப்பதுதான் இந்தத் துறை.

செய்திகளில் 'செயற்கை செல்' என்று வேறொன்றையும் சொல்வார்கள். 2010ல் கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. முழுவதையும் வேதிமுறையில் தயாரித்து இன்னொரு பாக்டீரியாவுக்குள் வைத்து இயங்க வைத்தது. 2016ல் அதையே 473 மரபணுக்கள் மட்டும் இருக்கும்படி குறைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அதில் வீடு முன்பே கட்டி முடிந்திருந்தது, குடியிருப்பவரைத்தான் மாற்றினார்கள். இங்கே நாம் பேசப்போவது காலி மனையிலிருந்து வீடு கட்டுவதைப் பற்றி.

செல் என்றால் சவ்வு இருக்க வேண்டாமா? துளி எங்கிருந்து வந்தது?

பள்ளியில் நாம் செல் படம் வரையும்போது முதலில் ஒரு வட்டம் போடுவோம். அதுதான் சவ்வு. பல ஆய்வகங்கள் இன்றும் அப்படித்தான் தொடங்குகின்றன: கொழுப்பு மூலக்கூறுகளால் ஒரு பை செய்து, அதற்குள் நொதிகளையும் (வேதிவினைகளை விரைவாக்கும் புரதங்கள்), டி.என்.ஏ.யின் செய்தியைப் படியெடுத்துச் சுமக்கும் ஆர்.என்.ஏ.யையும் அடைத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பைகளில் ஒரு தொந்தரவு உண்டு. உள்ளே எதையாவது போதிய அளவு அடைப்பதே பாடு. அடைத்த பிறகு சாப்பாடு அனுப்ப வாசல் இருக்காது. வாசல் வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் புரதம் வேண்டும்.

துளியில் இந்தக் கதை தலைகீழ். முதலில் உள்ளிருப்பு வருகிறது, எல்லை அதன் விளைவாகத் தானே வருகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சில நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்து ஒரு பக்கமாகக் கூடிக்கொள்கின்றன. கூடிய இடம் அடர்ந்த திரவத் துளியாகிறது, மீதி இடம் நீர்த்த கரைசலாக இருக்கிறது. இதைத்தான் திரவத்துக்குள் திரவம் பிரிதல் என்கிறார்கள். அப்படிப் பிரிந்த அடர்த்தியான துளிக்கு கோயசர்வேட் என்று பெயர்.

ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ச் சொட்டு மாதிரியா?

பார்வைக்கு அப்படித்தான். இரண்டு சொட்டுகள் தொட்டால் ஒன்றாகிவிடுவதும் அப்படியே. ஆனால் எண்ணெய்ச் சொட்டுக்குள் தண்ணீர் இல்லை. இந்தத் துளிக்குள்ளும் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீரிலிருந்து தண்ணீர் பிரிந்து நிற்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பழைய சங்கதி. 1896லேயே நெதர்லாந்தின் பெய்யரிங்க் ஜெலட்டின் கரைசலும் மாவுச்சத்துக் கரைசலும் ஒன்றாகக் கலக்க மறுப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

உள்ளே தண்ணீர் இருப்பதால்தான் இது செல்லுக்கு ஆகிறது. எண்ணெய்க்குள் ஒரு நொதியைப் போட்டால் அதன் வடிவமே கெட்டுப் போகலாம். கோயசர்வேட்டுக்குள் பெரும்பாலான நொதிகள் தங்கள் வேலையைப் பார்க்கின்றன.

பால் திரிவதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எலுமிச்சை பிழிந்தால் பாலின் புரதம் கட்டியாகிறது. அது திடம், திரும்பக் கரையாது. கோயசர்வேட் திரவமாகவே இருக்கும், வழியும், சேரும், நிலைமை மாறினால் மறுபடி கரைந்துவிடும். சில கலவைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மயிரிழைதான். கொஞ்சம் கை தவறினால் துளிக்குப் பதிலாகத் திரிதல் கிடைக்கும்.

எப்படிச் செய்கிறார்கள்?

சொல்லப்போனால் சங்கடமாகும் அளவுக்கு எளிது. நேர் மின்சுமை கொண்ட ஒரு சங்கிலி மூலக்கூறு, எதிர் மின்சுமை கொண்ட இன்னொரு மூலக்கூறு. இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்தால் தெளிந்த நீராகவே இருக்கும். கலந்த அடுத்த நொடியில் குழாய் பால் போல் வெளுத்துவிடும். நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டை உருண்டையாக, சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை அகலத்தில் துளிகள். நம் உடலின் செல்களும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மானின் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலருக்கும் தொடக்கப் புள்ளி. அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிலைசின் போன்ற நேர் மின்சுமைச் சங்கிலிகளையும் ஏ.டி.பி.யையும். ஏ.டி.பி. நம் செல்கள் ஆற்றலுக்குச் செலவிடும் அதே சிறு மூலக்கூறு. எரிபொருளே வீட்டின் செங்கல்லாகவும் ஆகிவிடுகிறது.

ஏன் இவை கூடுகின்றன? நேரும் எதிரும் ஈர்க்கும் என்பது பாதி விடைதான். மின்சுமை உள்ள ஒவ்வொரு சங்கிலியைச் சுற்றியும் உப்பின் சிறு அயனிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். இரண்டு சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அந்த அயனிகளுக்கு விடுதலை; அவை தண்ணீரெங்கும் சுதந்திரமாகத் திரியலாம். ஒழுங்கு குலைந்து பரவுவதை இயற்கை விரும்புகிறது என்று இயற்பியலில் படித்திருப்போமே, துளி உருவாவதற்குப் பின்னால் அதுதான் பெரிய உந்துதல். இதைச் சோதித்துப் பார்ப்பதும் சுலபம். நிறைய உப்பைப் போடுங்கள். தண்ணீரில் ஏற்கெனவே அயனிகள் நெரிசலாக இருக்கும்போது விடுதலைக்கு மதிப்பில்லை. துளிகள் கரைந்து, வெளுத்த குழாய் தெளிந்துவிடும்.

மின்சுமை இல்லாமலும் செய்யலாம். பாலிஎத்திலீன் கிளைக்கால், டெக்ஸ்ட்ரான் என்ற இரண்டு பாலிமர்களை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, தண்ணீரில் கரைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு அடுக்காகப் பிரியும். அமெரிக்காவில் கிறிஸ்டின் கீட்டிங் குழு 2002ல் இதைக் கொழுப்புப் பைக்குள்ளேயே நடத்திக் காட்டியது: ஒரு பை, அதற்குள் இரண்டு அறைகள்.

இந்த யோசனை யாருடையது?

கோயசர்வேட் என்ற பெயரை 1929ல் வைத்தவர்கள் நெதர்லாந்தின் புங்கன்பெர்க் டி யாங்கும் க்ரூய்ட்டும். குவிப்பது என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார்கள். அவர்கள் கையாண்ட பொருள்கள் ரொம்பச் சாதாரணமானவை: ஜெலட்டினும் வேலம்பிசினும்.

ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஒப்பாரின் 1924லேயே உயிரின் தோற்றம் பற்றிச் சிறு நூல் எழுதியிருந்தார். 1930களில் அவர் இந்தத் துளிகளைப் பிடித்துக்கொண்டார். ஆதிக் கடலில் சேர்ந்த கரிமப் பொருள்கள் இப்படித்தான் துளிகளாகத் திரண்டிருக்கும், அவற்றில் நன்றாக வளர்ந்தவை நிலைத்திருக்கும் என்பது அவர் வாதம். தமிழில் உயிரியல் படித்தவர்கள் ஒப்பாரின் - ஹால்டேன் கொள்கை என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த ஹால்டேன் 1957ல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேசுவரத்தில் இறந்தார். பரீட்சையில் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள்.

அறிவியலில் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்தத் துளி வியாபாரத்தில் பிழைத்தது. கார்பன் தாள் இல்லாமல் ரசீதின் நகல் எடுக்கும் தாள் 1950களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அந்தத் தாளின் முதுகில் பூசியிருந்தவை ஜெலட்டின் - வேலம்பிசின் கோயசர்வேட்டால் சுற்றிய நுண்ணிய மைக் குளிகைகள். பேனா அழுத்தினால் உடையும், அடித்தாளில் பதியும்.

நடுவில் ஏன் மறந்தார்கள், ஏன் திரும்ப வந்தது?

டி.என்.ஏ.யின் வடிவம் 1953ல் தெரிந்த பிறகு எல்லார் கண்ணும் மரபுச் செய்தியின் மேல் போனது. சும்மா உருண்டு கிடக்கும் துளியிடம் செய்தி எதுவும் இல்லை. அதுவும் ஜெலட்டின் துளி! ஜெலட்டினே விலங்குகளிடமிருந்து வருவது, உயிருக்கு முந்தைய உலகில் அது எங்கே இருந்திருக்கும் என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம்தான்.

திரும்பி வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 2009ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கிளிஃபர்ட் பிராங்வின், ஆண்டனி ஹைமன் முதலானோர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவின் கருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பி துகள்கள் என்று அழைக்கப்படும் ஆர்.என்.ஏ. - புரதக் கட்டிகள் உண்டு. திடப்பொருள் என்று நினைத்திருந்த அவை உட்கருவின் மேல் வழிந்தன, சொட்டின, ஒன்றோடொன்று சேர்ந்தன, செல்லின் ஒரு முனையில் கரைந்து மறுமுனையில் மீண்டும் திரண்டன. திரவம்! அதற்கப்புறம் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் முதல் பலவும் இதே ரகம் என்று வரிசையாகத் தெரியவந்தது. 2023ம் ஆண்டின் பிரேக்த்ரூ பரிசு பிராங்வினுக்கும் ஹைமனுக்கும் இதற்காகக் கிடைத்தது.

ஆக, நம் செல்களே இந்த வித்தையை நாள்தோறும் செய்கின்றன. அப்புறம் ஒப்பாரினின் துளியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

துளிக்குள் வேதிவினை வேகமாக நடக்குமா?

இது எல்லாரும் எதிர்பார்ப்பது. துளி தன்னைச் சுற்றியிருக்கும் ஆர்.என்.ஏ.யையும் புரதத்தையும் உறிஞ்சி அடர்த்தியாக்கும். நெருங்கி இருந்தால் வினை வேகமாகும். சில வினைகளில் அப்படியே நடக்கிறது. செல்லைப் பிழிந்தெடுத்த சாற்றைத் துளியாக்கிய 2013ம் ஆண்டு ஆய்வொன்றில், டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் வேலை வேகமானது.

எப்போதும் இப்படி அமையாது. துளியின் உட்புறம் பாகு போல் பிசுபிசுப்பு. எதிர் மின்சுமைச் சங்கிலி பிடித்துக்கொண்டே இருப்பதால் ஆர்.என்.ஏ. மடங்கவும் விரியவும் திணறும். ஜெர்மனியில் டோரா டாங்கின் ஆய்வுக் குழு, ஆர்.என்.ஏ.யை வெட்டும் ஆர்.என்.ஏ. ஒன்றைக் கோயசர்வேட்டுக்குள் வேலை செய்ய வைத்தது. வேலை நடந்தது, ஆனால் வெறும் கரைசலில் நடப்பதைவிட மெதுவாக. கூட்டம் கூடினால் மட்டும் வேலை நடந்துவிடாது என்பது கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

சுவரே இல்லையே, உள்ளே இருப்பது வெளியே போகாதா?

போகும். இந்தத் துறையின் தலைவலியே இதுதான் என்பது என் எண்ணம். துளியை உண்டாக்குவது ஒரு நொடி வேலை. அந்தத் துளி 'நான் வேறு, பக்கத்துத் துளி வேறு' என்று இருப்பதுதான் வராமல் படுத்துகிறது.

ஏன் அது முக்கியம்? ஒரு துளியில் தற்செயலாக ஒரு நல்ல ஆர்.என்.ஏ. அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளி மற்றவற்றைவிட நன்றாக வளர வேண்டும், அதன் பலன் அதற்கே கிடைக்க வேண்டும். அப்போதுதான் டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு வேலை செய்யும். அந்த ஆர்.என்.ஏ. ஊர் முழுக்கப் பரவிவிட்டால் யாருக்கும் தனி லாபமில்லை, தேர்வும் இல்லை. மருத்துவத்துக்கான நோபல் பரிசை 2009ல் பகிர்ந்துகொண்ட ஜாக் ஷோஸ்டாக்கின் ஆய்வகம் 2014ல் இதை அளந்து பார்த்தது. துளிக்குத் துளி ஆர்.என்.ஏ. இடம் மாறுவது நொடிக் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் நடந்தது. துளிகளே முதல் செல் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

பத்து வருடம் கழித்து ஒரு திருப்பம். வழக்கமாகத் துளிகளை உப்பும், அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் தாங்கல் கரைசலும் உள்ள நீரில்தான் வைப்பார்கள். அமன் அகர்வால் என்ற ஆய்வாளர் அவற்றை உப்பே இல்லாத தூய நீருக்கு மாற்றிப் பார்த்தார். துளியின் விளிம்பிலிருந்து சிறு அயனிகள் வெளியேறிவிட, அங்கே சங்கிலிகள் இறுகப் பிணைந்து ஒரு தோல் போல ஆகிவிட்டன. நிமிடங்களில் கைமாறிக்கொண்டிருந்த ஆர்.என்.ஏ. நாள் கணக்கில் அதே துளிக்குள் தங்கியது. துளிகள் ஒன்றோடொன்று சேர்வதும் நின்றது. சரி, ஆதி பூமியில் காய்ச்சி வடித்த நீரை யார் ஊற்றியது? மழை! ஷோஸ்டாக்கும் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆலம்கீர் கரீமும் சேர்ந்த அந்தக் குழு, ஹூஸ்டனில் பெய்த மழைநீரையே பிடித்துச் சோதித்தது. அதிலும் துளிகள் நின்றன. 2024ல் இது வெளியானது. துளியைக் குறை சொன்ன ஆய்வகத்தின் தலைவரே துளியைக் காப்பாற்றும் கட்டுரையிலும் இருக்கிறார். ஆதி காலத்து மழையின் வேதியியல் இன்றைய ஹூஸ்டன் மழைபோல் இருந்திருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ரசித்தது வேறு: விடை ஏதோ புது மூலக்கூறில் இல்லை, உப்பைக் குறைப்பதில் இருந்தது.

துளிகள் எல்லாம் சேர்ந்து ஒரே குளமாகிவிடாதா?

விட்டுவைத்தால் ஆகிவிடும். தடுக்க ஒரு மேலாடை போடுகிறார்கள். மானின் குழு 2014ல் கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தது. அது துளியைச் சுற்றித் தானே சவ்வாகப் படிந்தது. நெதர்லாந்தில் யான் வான் ஹெஸ்ட் குழு பாலிமர் உறை போடுகிறது. 2020ல் பிரிஸ்டலில் இரத்தச் சிவப்பணுக்களின் சவ்வையே உறித்துத் துளிக்கு உடுத்தினார்கள். அந்தத் துளிகளுக்குள் வைத்த நொதிகள் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கின. இரத்தக் குழாயை விரிய வைக்கும் வாயு அது. மருத்துவப் பயன் பற்றிக் கேட்பவர்களுக்கு இப்போதைக்கு இந்த மாதிரி உதாரணங்களைத்தான் காட்ட முடியும்.

வளருமா? குட்டி போடுமா?

வளர்வது சுலபம்: சுற்றியிருக்கும் பொருளை உறிஞ்சிப் பெரிதாகும். பிரிவதுதான் சிக்கல். பரப்பு இழுவிசை துளியை எப்போதும் உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கும். இரண்டாகப் பிரிய அதற்கு என்ன அவசியம்? இயற்பியலாளர்கள் டேவிட் ஸ்விக்கரும் ஃபிராங்க் யூலிஷரும் மற்றவர்களும் 2017ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: துளிக்குள் இடைவிடாமல் வேதிவினை ஓடிக்கொண்டு, பொருள் வெளியிலிருந்து வந்து உள்ளே சிதைந்து போய்க்கொண்டிருந்தால், அந்த ஓட்டமே துளியை நீள்வட்டமாக இழுத்து, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் பிரித்துவிடலாம்.

ஜப்பானில் மட்சுவோவும் குரிஹாராவும் 2021ல் வேறு வழி எடுத்தார்கள். அவர்களுடைய துளி தனக்கு வேண்டிய பெப்டைடு சங்கிலிகளை (குட்டிப் புரதங்கள் போன்றவை) தானே உண்டாக்கிக்கொள்ளும். உணவு மூலக்கூறு போடப் போட வளரும். வெளியிலிருந்து அழுத்திக் கலக்கினால் சிறு துளிகளாகப் பிரியும். மறுபடி உணவு போட்டால் அவையும் வளரும். பிரிவதற்கு மட்டும் மனிதர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆதி பூமியில் அலை அடித்திருக்கும் என்று வாதாடலாம்.

இதுவரை செய்ததில் செல்லுக்கு மிக அருகில் வந்தது எது?

2022ல் மானின் குழு செய்தது என்பேன். காலித் துளிகளை இரண்டு வகைப் பாக்டீரியாக்களோடு கலந்தார்கள். ஒரு வகை துளிக்குள் புகுந்தது, மற்றது மேற்பரப்பில் ஒட்டியது. பிறகு இரண்டையும் உடைத்தார்கள். உள்ளே உடைந்தவற்றின் டி.என்.ஏ., நொதிகள், புரதம் செய்யும் ரைபோசோம்கள் எல்லாம் துளிக்குள்ளேயே தங்கின. வெளியே உடைந்தவற்றின் சவ்வு துளிக்கு மேலுறையானது. அந்தத் துளி சர்க்கரையிலிருந்து ஏ.டி.பி. செய்தது, ஆர்.என்.ஏ.யும் புரதமும் செய்தது. உள்ளே டி.என்.ஏ.யைத் திரட்டி உட்கரு போல ஒன்றும், இழைகளால் ஒரு சட்டகமும் அமைத்தார்கள். கடைசியில் சில உயிருள்ள பாக்டீரியாக்களை ஏ.டி.பி. தயாரிக்க உள்ளே விட்டபோது, உருண்டைத் துளி அமீபா போல் கோணல்மாணலாக மாறியது.

காலி மனையில் கட்டுவது என்று முதலில் சொன்னேன். இது பழைய வீட்டை இடித்து அதன் செங்கல், கதவு, ஜன்னலை வைத்துக் கட்டியது. அதில் தவறில்லை, ஆனால் விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

அப்படியானால் பூமியில் உயிர் துளியாகத்தான் தொடங்கியதா?

தெரிந்தவர் யாரும் இல்லை. ஆய்வகத் துளிகளில் அடிக்கடி பயன்படும் நேர் மின்சுமைப் பாலிமர் ஒன்று தொழிற்சாலையில் வருவது. நீரைச் சுத்திகரிக்கும் ரசாயனம். மழைநீர் ஆய்விலும் அதுதான் இருந்தது. நீண்ட பாலிலைசினும் ஆதிக் குட்டையில் சும்மா கிடைத்திருக்காது. எளிய மூலப்பொருளைத் தேடிய டோக்கியோ ஆய்வாளர்கள் 2019ல் ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்களை உலர வைத்தார்கள். அவை கோத்துப் பாலியெஸ்டராகி, நீர் விட்டதும் துளிகளாயின. குட்டை காய்ந்து மழையில் நனைவதற்கு இது பொருந்தி வருகிறது. சவ்வு முதலா துளி முதலா என்ற சண்டையில், துளி முதலில் வந்து சவ்வை மேலே போர்த்திக்கொண்டது என்ற நடுவழிக்கு நான் சாய்கிறேன்.

ஆய்வகத்திலிருந்து தப்பித்து ஆபத்தாகுமா?

ஆகாது. கொஞ்சம் உப்பு கூடினாலே கரைந்துபோகும் பொருள் எங்கே தப்பிக்கும்.

வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும். கேக் கடைகளில் விற்கும் ஜெலட்டின் தூள் கால் தேக்கரண்டி, உண்ணத்தக்க வேலம்பிசின் கால் தேக்கரண்டி. தனித்தனியே அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரையுங்கள். பாதாம் பிசின் ஆகாது, அது கரையாமல் ஊதிக்கொள்ளும். கடல்பாசியும் ஆகாது, அதில் புரதம் இல்லை. இரண்டையும் சூடு ஆறாமல் கலந்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு கட்டத்தில் திடீரென்று வெளுக்கும். அதில் ஒரு சொட்டை எடுத்துப் பள்ளி நுண்ணோக்கியிலோ, 140 மடங்கு பெரிதாக்கும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியிலோ வையுங்கள். ஆறவிட்டால் துளிகள் கூழாக இறுகிவிடும், அதனால் சீக்கிரம் பாருங்கள். இரண்டு துளிகள் தொட்டு, ஒரு கணம் வேர்க்கடலை போல் நின்று, பிறகு ஒன்றாவதைப் பிடித்துவிட்டால் அதிர்ஷ்டம். பார்த்து முடித்ததும் டம்ளரில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். வெண்மை மறைந்து நீர் தெளியும்.